உரகா குன்றின் மேல் இருந்த பெயர்கள்

அந்தக் கல்லைப் பார்த்ததும் பாண்டிச்செல்விக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஜப்பானில், தோக்கியோ விரிகுடாவின் வாயில் இருக்கிறது உரகா என்ற சின்னத் துறைமுக ஊர். பக்கத்து நகரத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அவள் ஓராண்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தாள். அழகர்கோவில் சாலைக் கிராமத்துப் பெண் ஒருத்தி ஜப்பானிய மொழி படித்து அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தம்பி முத்துக்குமரன் வேலை பார்த்த சரக்குக் கப்பலின் முதலாளிகள் ஜப்பான்காரர்கள். கப்பலில் பறந்த கொடி வேறு நாட்டுடையது. ஆள் எடுத்தது மும்பையில் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியிடம் அவனைச் சேர்த்துவிட்டது மதுரையில் ஒரு பயிற்சி நிலையம். அவன் கப்பலிலேயே செத்துப்போனபோது இந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். ஜப்பானுக்கு அவள் ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே வரவில்லை. அவர்கள் பாஷையிலேயே கேட்டால் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம் என்ற வெறியில்தான் மதுரையில் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

பாஷை வந்தது. ஜப்பானுக்கும் போனாள். போன முதல் மாதமே அந்தக் கப்பல் கம்பெனியின் கட்டிடத்தைத் தேடிப் பிடித்தாள். அதற்குள் அதை வேறொரு கம்பெனி வாங்கிப் பெயரையும் மாற்றியிருந்தது. வரவேற்பறைப் பெண் எழுந்து நின்று, தலையைத் தாழ்த்தி, பழைய விஷயங்கள் எதுவும் தங்களிடம் இல்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அவ்வளவுதான். இவள் மறுபடியும் தெருவுக்கு வந்துவிட்டாள்.

உரகாவுக்கு அவள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கப்பல் உரகாவுக்கு எதிரே உள்ள ஜலசந்தியைக் கடந்தபோது முத்துக்குமரன் ஒருமுறை போன் பண்ணியிருந்தான். "அக்கா, ரெண்டு பக்கமும் ஊரு தெரியுதுக்கா. ஒரு குன்னு இருக்கு, நம்ம யானமலைல கால்வாசிகூட இருக்காது. மரமா கெடக்கு. கடலு நடுவுல ரோடு போட்ட மாதிரி கப்பலா போகுது" என்று கத்திக் கத்திப் பேசினான். அவன் பார்த்த இடத்தைக் கரையிலிருந்து பார்க்கலாம் என்று வந்தாள். சின்னப் படகில் ஏறித் துறையின் அக்கரை போய், செங்குத்தான படிகளில் மூச்சு வாங்க ஏறியதும் மேலே ஒரு பூங்கா. அங்கே அந்தக் கல் நின்றது.

ஆளைவிட உயரமான கல். ஜப்பானிய எழுத்துகளை அவள் கூட்டிக் கூட்டிப் படித்தாள். கன்ரின் மாரு என்ற கப்பல் நூற்றறுபது வருடங்களுக்கு முன் இந்தத் துறையிலிருந்து கிளம்பிப் பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்கா போனதன் நினைவுச்சின்னம். ஜப்பானுக்குக் கடற்படை என்று ஒன்று அப்போதுதான் முளைவிட்ட காலம். பின்பக்கம் போனாள். கல் முழுக்கப் பெயர்கள்.

நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்க வந்த ஒரு பெண் இவளைப் பார்த்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். வெளிநாட்டுக்காரி ஒருத்தி கல்லின் பின்பக்கத்தைப் படிப்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் அதிகாரிகள் பெயரா?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

"மேலே இருப்பவை அதிகாரிகள். கீழே இருப்பவர்கள் மாலுமிகள். தச்சர், கொல்லர் எல்லாரும் இருக்கிறார்கள். இதோ பாருங்கள், இவர்கள் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள்."

அந்தப் பெண் விரல் வைத்த இடத்தில் 'நெருப்பு' என்ற எழுத்து இருந்தது. பாண்டிச்செல்வி முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட எழுத்துகளில் ஒன்று.

"கரி அள்ளினவர்கள் பெயர்கூடவா?"

"ஏன், அவர்களும்தானே போனார்கள்?" என்றாள் அந்தப் பெண், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "மூன்று பேர் திரும்பி வரவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் நோய் கண்டு இறந்துபோனார்கள். சாதாரணக் கப்பலாட்கள்தான். அங்கே அவர்களுக்கு இன்னும் கல்லறை இருக்கிறது. இங்கிருந்து போகிறவர்கள் பூ வைத்துவிட்டு வருகிறார்கள்."

பாண்டிச்செல்விக்கு முகமெல்லாம் சுட்டது. அந்தக் கல்லைக் காலால் உதைக்க வேண்டும்போல இருந்தது. நூற்றறுபது வருடத்துக்கு முன்னால் கரி அள்ளினவனுக்குக் கல் வைக்கத் தெரிகிறது. இதே நாட்டுக் கப்பலில் ஐந்து வருடத்துக்கு முன்னால் செத்தவனுக்கு வரவேற்பறையில் ஒரு குனிவு. அவன் எப்படிச் செத்தான் என்று வாயைத் திறந்து சொல்ல ஒரு ஆள் இல்லை.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் அந்தப் பெண்.

"என் தம்பியும் கப்பல்காரன்தான்."

"அப்படியா! இப்போது எந்தக் கடலில் இருக்கிறார்?"

பாண்டிச்செல்வி மரியாதைக்குக்கூடத் தலை தாழ்த்தாமல் படியிறங்கினாள். கீழே படகுக்காகக் காத்திருந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டே நின்றாள்.

முத்துக்குமரன் செத்த விதம் அவளுக்குத் தெரியும். கூட வேலை பார்த்த அனீஸ் சொல்லியிருந்தான். மதுரை காஜிமார் தெருப் பையன். முத்துக்குமரனோடு ஒரே பயிற்சி நிலையத்தில் படித்து, ஒரே கப்பலில் ஏறியவன். காரியம் முடிந்த மறுவாரம் முத்துக்குமரனுடைய பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"கப்பலுக்கு அடியில தண்ணித் தொட்டி இருக்கும்க்கா. நெறைய நாள் மூடியே கெடக்கும். உள்ள துருப்பிடிச்ச இரும்பு. அந்தத் துரு இருக்குல்ல, காத்துல உள்ள ஆக்சிஜன அம்புட்டையும் தின்னுரும். பாத்தா வெறும் தொட்டி மாதிரிதான் இருக்கும். எறங்குனா ரெண்டு மூச்சுல ஆள் காலி. அதுக்குத்தான் மொதல்ல காத்த அளக்குற மீட்டர் விட்டுப் பாக்கணும். அன்னிக்கு மீட்டர்ல பேட்டரி இல்ல. துறைமுகத்துல செக்கிங் வருது, சேற அள்ளணும், எறங்குன்னாரு மேல உள்ள ஆபீசர். குமரன் எறங்கிட்டான். நான் பின்னாடியே எறங்கப் போனேன். ஏணியில கால வச்சுட்டேன். எங்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்த போசன் என் சட்டையப் பிடிச்சு இழுத்துக் கீழ தள்ளி மேல உக்காந்துக்கிட்டாரு. நீயும் சாவணுமாடான்னு கேட்டாரு. அல்லா மேல ஆணையா இதான் நடந்துச்சு."

கம்பெனி சொன்னது வேறு. பையன் யாரிடமும் கேட்காமல் தானாக இறங்கிவிட்டான், அவனுடைய அஜாக்கிரதை என்று சொன்னது. பயிற்சி நிலையமும் அதையே சொன்னது. ஊரும் அதையே சொன்னது. இவளுக்கு ஆறாதது என்னவென்றால், அப்பா சங்கிலியும் அதையே சொன்னார். அனீஸைப் பாதிப் பேச்சிலேயே நிறுத்தி, "போதும்ப்பா, கிளம்பு" என்று அனுப்பிவிட்டார். மீதியை அவன் வாசலில் நின்று பாண்டிச்செல்வியிடம்தான் சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு மகன் பேச்சு வந்தாலே, "அவசரக்குடுக்கைப் பய. எதுலயும் நிதானம் கெடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். செத்துப்போன மகன்மேல் ஆறு வருடமாகக் கோபத்தில் இருந்தார் அவர். அம்மா தங்கப்பொண்ணு அந்தச் சமயங்களில் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

ஒப்பந்தம் முடிந்து பாண்டிச்செல்வி ஊருக்குத் திரும்பினாள். மதுரையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு ஜப்பான்காரர்கள் வரும்போது கூடவே இருந்து மொழிபெயர்ப்பது அவளுடைய தொழிலானது. சென்னையில் ஒரு ஏஜென்சி வேலையைப் பிடித்துக் கொடுக்கும். மே மாதம் அந்த ஏஜென்சியிலிருந்து போன் வந்தது.

"மேடம், ஒரு நாள் வேலை. திருப்பரங்குன்றம் தாண்டி, ஏழுகடல் மரைன் அகாடமின்னு ஒன்னு. ஜப்பான்ல இருந்து ஒரு ஷிப்பிங் கம்பெனி ஆளுங்க வராங்க. நேரா அங்கேயே பசங்கள செலக்ட் பண்ற மாதிரி ஏற்பாடு."

ஏழுகடல். முத்துக்குமரன் படித்த இடம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். "சரி, போறேன்" என்று சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேலையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம், அந்த ஆளின் முகத்தை ஒருதரம் கிட்டத்தில் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஆள், ராம்கி. அகாடமியின் முதலாளி. கப்பலில் சில வருடம் சமையல் பிரிவில் இருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் கேப்டன் ராம்கி. வெள்ளை யூனிபாரம், தோளில் தங்கப்பட்டை, வாசலில் சிமெண்டில் செய்து நீலப் பெயிண்ட் அடித்த நங்கூரம். முத்துக்குமரனின் உடல் வந்தபோது அவர் வரவில்லை. சங்கிலியைத் தன் அறைக்கு வரச்சொல்லி ஒருமுறை பேசியதோடு சரி. அதனால் பாண்டிச்செல்வியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"வாங்க மேடம், வாங்க. மதுரைப் பொண்ணு ஜப்பான் பாஷை பேசுது. நமக்கு எம்புட்டுப் பெருமை! காபி சாப்டுங்க" என்றார். அவள் காபியைத் தொடவில்லை.

ஜப்பானிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். மோரிதா என்ற நரைத்த தலைக்காரர், அவருக்கு உதவியாக ஓர் இளைஞர். அரங்கில் வெள்ளைச் சட்டையில் மாணவர்கள். முன்வரிசையில் நாலைந்து மாணவிகள். அவர்களுக்குப் பின்னால் பெற்றோர்கள். தேனி, உசிலம்பட்டி, மேலூர் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். சில அம்மாக்கள் கையில் சோற்றுப் பை வைத்திருந்தார்கள்.

ராம்கி மைக்கைப் பிடித்தார். அவள் அவருக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை ஜப்பானிய மொழியில் சொன்னாள். கட்டிடங்கள், வகுப்பறைகள், நீச்சல்குளம் எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொன்னாள். பிறகு அவர் குரலை உயர்த்தினார்.

"எல்லாத்துக்கும் மேல, சேஃப்டி! இந்தப் பன்னெண்டு வருஷத்துல நம்ம பிள்ளைக ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. கடல்ல ஒரு உயிரக்கூட நாம விட்டதில்ல. இத நான் நெஞ்சத் தொட்டுச் சொல்றேன்."

பெற்றோர்கள் கைதட்டினார்கள். மோரிதா அவளைப் பார்த்தார்.

பாண்டிச்செல்வி ஜப்பானிய மொழியில் சொன்னாள். "பன்னிரண்டு ஆண்டுகளில் தங்கள் மாணவர் ஒருவரையும் கடலில் இழந்ததில்லை என்று இவர் சொல்கிறார்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "மொழிபெயர்ப்பு இத்துடன் முடிந்தது. இனி சொல்வது என்னுடைய பேச்சு. இவர் சொல்வது பொய். ஆறு ஆண்டுகளுக்கு முன் இங்கே படித்த ஒருவன் கப்பல் தொட்டிக்குள் காற்றில்லாமல் இறந்தான். காற்றைச் சோதிக்காமல் அவனை இறக்கினார்கள். அவன் பெயர் முத்துக்குமரன். நான் அவனுடைய அக்கா."

ராம்கி சிரித்துக்கொண்டே மைக்கை மூடினார். "என்ன மேடம், இம்புட்டு நேரம் சொல்றீங்க? நான் ரெண்டு வரிதான சொன்னேன்?"

மோரிதாவின் முகத்தில் அசைவில்லை. பக்கத்திலிருந்த இளைஞர் அவர் காதில் ஏதோ சொன்னார். அது நம்முடைய கப்பல் இல்லை என்று அவர் சொன்னது பாண்டிச்செல்விக்கும் கேட்டது. மோரிதா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்னதை இவரிடம் கேளுங்கள். இது உண்மையா?"

தன்னுடைய வழக்குக்குத் தானே மொழிபெயர்ப்பாளர். பாண்டிச்செல்வி ராம்கியின் பக்கம் திரும்பினாள். மைக்கில் தமிழில் கேட்டாள்.

"முத்துக்குமரன்னு ஒரு பையன் ஒங்ககிட்ட படிச்சான். கப்பல் தொட்டிக்குள்ள செத்தான். உண்மையான்னு கேக்குறாங்க."

ராம்கியின் முகம் மாறியது.

"யாரும்மா நீ?"

"சங்கிலி மக."

அவருக்குப் புரிந்துவிட்டது. மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். "இங்க பாரு, அது முடிஞ்சுபோன விஷயம். பய தன்னிச்சையா எறங்கிட்டான். யாரும் எறங்கச் சொல்லல. அவன் செஞ்ச தப்புக்கு அகாடமி பொறுப்பாக முடியாது. அதனால அத நாங்க கணக்குல சேக்குறதில்ல. இத அவங்களுக்குச் சொல்லு. சொல்லீட்டு எறங்கிப் போ."

அவள் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் தன்னிச்சையாக இறங்கினான். அவன் செய்த தவறு. அதனால் அவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜப்பானிய மொழியில் அதைச் சொல்லி முடிக்கும்போது குரல் கிழிந்தது. வருடக்கணக்கில் ராப்பகலாகப் படித்த பாஷை, கடைசியில் தம்பியைக் குற்றம் சொல்லத்தானா பயன்பட்டது என்று நினைத்தாள். நினைத்ததும் மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"கணக்குல சேக்கலையாம்! கேட்டுக்கங்க எல்லாரும். ஒங்க பிள்ளைக செத்தாலும் இந்த ஆளு கணக்குல சேக்க மாட்டாரு. தம்பிகளா, மூடிக் கெடக்குற தொட்டிக்குள்ள மீட்டர் விட்டுப் பாக்காம எவன் சொன்னாலும் எறங்காதீங்க. கேப்டன் சொன்னாலும் எறங்காதீங்க. இத இங்க சொல்லிக் குடுத்தாங்களா? சொல்லுங்க, குடுத்தாங்களா? மீட்டர கண்ணால பாத்திருக்கீங்களா?"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சட்டையில் செல்லக்கிளி என்று பெயர் குத்தியிருந்தது. "அக்கா, எறங்கலேன்னா அடுத்த துறைமுகத்துல எறக்கி விட்டுருவாங்கன்னு சொல்றாங்களே?"

"எறக்கி விடட்டும். வீட்டுக்கு உசுரோட வருவ."

யாரோ வயரைப் பிடுங்க, மைக் செத்தது. இரண்டு வாத்தியார்கள் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு அவளே நடந்தாள். பின்னால் பெற்றோர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்திருந்தார்கள். மோரிதாவும் இளைஞரும் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்ததைக் கதவருகே திரும்பிப் பார்த்தாள். மோரிதா அவளை நோக்கித் தலை தாழ்த்தினார். அவள் பதிலுக்குத் தாழ்த்தவில்லை.

மறுநாள் காலைக்குள் யாரோ மாணவன் எடுத்த வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. இனி அவளுக்கு வேலை கிடையாது, மொழிபெயர்க்கப் போன இடத்தில் சொந்தக் கதை பேசுகிறவளை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார்கள். அதில் நியாயம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அது கோபத்தை இன்னும் கூட்டியது.

சங்கிலி கத்தரித் தோட்டத்திலிருந்து வந்து, மண்வெட்டியைச் சுவரில் சாய்க்காமல் கீழே போட்டார்.

"ஏத்தா, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? காலையில மாட்டுத்தாவணி சந்தையில காய எறக்கிட்டு நிக்கிறேன், கமிசன் கடைக்காரன் போன நீட்டி இது ஒங்க மகளாங்குறான். செத்தவன அம்பலத்துல இழுத்து விட்டுட்டு வந்திருக்க."

"பொய் சொன்னாருப்பா. நான் பக்கத்துல நிக்கேன், நெஞ்சத் தொட்டுப் பொய் சொல்றாரு."

"அந்த அவசரக்குடுக்கை எறங்குனான், செத்தான். அதுக்கு யார என்ன செய்ய?"

"அவனா எறங்கல! எத்தன வருசம்ப்பா இதையே சொல்வீங்க? அனீஸ் வந்து சொன்னப்ப முழுசாக் கேட்டீங்களா? அந்தப் பயல வாசலோட அனுப்புனீங்க. அவிய்ங்க சொன்னத நம்புனீங்க, கூட இருந்தவன் சொன்னத நம்பல. பெத்த மகன்மேல இம்புட்டுக் கோவம் வருதே, அவன எறங்கச் சொன்னவன்மேல ஒரு நாளாவது வந்துச்சா ஒங்களுக்கு?"

சங்கிலி கையை ஓங்கினார். அடிக்கவில்லை. தங்கப்பொண்ணு அடுப்படியிலிருந்து வெளியே வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அவ கேக்குறதுக்குப் பதிலச் சொல்லு" என்றாள் புருசனைப் பார்த்து. ஆறு வருடத்தில் இந்தப் பேச்சில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. சங்கிலி தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

ராம்கி போலீசில் புகார் கொடுத்தார். நிறுவனத்தின் பேரைக் கெடுத்தாள், வந்த விருந்தாளிகளைக் கலைத்துவிட்டாள் என்று புகார். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். பாண்டிச்செல்வி கிளம்பும்போது சங்கிலியும் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். போகும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். ஸ்டேஷன் வாசலில் அனீஸ் காத்திருந்தான். இப்போது அவன் கப்பலுக்குப் போவதில்லை. காஜிமார் தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான்.

"கடைய அடச்சுட்டு வந்துட்டேன்க்கா. எங்க வேணாலும் சொல்றேன்" என்றான். சங்கிலியைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா மாமா?" என்றான். சங்கிலி தலையை மட்டும் அசைத்தார்.

இன்ஸ்பெக்டர் நிதானமான ஆள். ஒரு மன்னிப்பைச் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள் என்றார் பாண்டிச்செல்வியிடம். அவள் முடியாது என்றாள். அனீஸ் நடந்ததை முதலிலிருந்து சொன்னான். பேட்டரி இல்லாத மீட்டர், அவசரப்படுத்திய ஆபீசர், சட்டையைப் பிடித்து இழுத்த போசன். அன்றைக்கு வீட்டில் பாதியோடு நின்ற கதையை இன்று சங்கிலி முழுசாகக் கேட்டார். பெஞ்சின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ராம்கி இடைமறித்தார். "சார், கூட்டாளிங்கிறதால இவன் ஏதோ சொல்றான். அந்தப் பய எப்பவுமே அவசரக்காரன் சார். அவன் அப்பனே என் ரூம்ல உக்காந்து சொன்னாரு. இந்தா இருக்காருல்ல, கேளுங்க."

எல்லோரும் சங்கிலியைப் பார்த்தார்கள். பாண்டிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

சங்கிலி எழுந்து நின்றார்.

"ஆமா சார். அவசரக்காரன்தான். சொன்ன வேலைய ஒடனே செய்யணுங்கிற அவசரம். அத அவன் எங்கிட்டதான் படிச்சான். எங்க அய்யா அடுத்தவன் வயல்ல கூலிக்கு நின்னாரு. கெணத்துல எறங்குடான்னா எறங்கணும், ஏன்னு கேக்கக் கூடாது. கேட்டா மறுநா வேலை கெடையாது. அத அவரு எனக்குச் சொன்னாரு, நான் எம்மகனுக்குச் சொன்னேன். மேல உள்ளவன் சொன்னா தட்டாதடான்னு சொல்லித்தான் கப்பலுக்கு அனுப்புனேன். அவன் தட்டல."

அவர் குரல் ஏறியது. ராம்கியின் பக்கம் திரும்பினார்.

"இந்த ஆளு ரூம்ல ஏசியப் போட்டு, காபியக் குடுத்து, ஒம்மகன் அவசரக்காரனான்னு கேட்டாரு. ஆமான்னேன். ஏன்னா அது உண்மை. அத வச்சே எம்மகனக் குத்தவாளியாக்கிட்டாய்ங்க. எறங்குன்னு சொன்னவன் பேரு என்ன? அவன் எங்க இருக்கான்? இன்னிக்கும் எவனையாவது எறங்கச் சொல்லிக்கிட்டு இருக்கானா? அத மொதல்ல இந்தாளுகிட்டக் கேளுங்க சார். எம்மகளையா மன்னிப்புக் கேக்கச் சொல்றீங்க?"

பேசி முடித்தும் உட்காரவில்லை. அவருடைய தாடை ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவை இப்படி ஒரு கோபத்தில் பாண்டிச்செல்வி பார்த்ததே இல்லை. ஆறு வருடமாக மகன்மேல் போட்டு வைத்திருந்த கோபம் அத்தனையும் இடம் மாறி நின்றது.

இன்ஸ்பெக்டர், மன்னிப்பெல்லாம் வேண்டாம், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று ராம்கியிடம் சொன்னார். சங்கிலியிடம் உள்ளதைச் சொன்னார். நடுக்கடலில், வேறு நாட்டுக் கொடியில் நடந்த சாவு இது. இந்த ஸ்டேஷனில் இருந்துகொண்டு அந்த ஆபீசரைத் தன்னால் பிடித்து வர முடியாது. அனீஸ் சொன்னதைப் பதிவு செய்து மேலே அனுப்பி வைப்பதாகச் சொன்னார். மேலே போனது எங்கே போனதென்று இதுவரை தெரியவில்லை.

மோரிதாவின் கம்பெனி அதன்பிறகு அகாடமி பக்கம் வரவில்லை. ராம்கி இரண்டு மீட்டர் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்து, அதன் அருகில் நின்று எடுத்த படத்தை விளம்பரத்தில் போட்டார். முத்துக்குமரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த விளம்பரத்தைப் பார்த்த அன்று பாண்டிச்செல்வி சாப்பிடவில்லை.

ஜூன் மாதம் அகாடமியில் புது மாணவர் சேர்க்கை தொடங்கிய காலையில் சங்கிலி தோட்டத்துக்குப் போகவில்லை. தங்கப்பொண்ணும் வீட்டில் இல்லை. போனில் கேட்டபோது அம்மா, "திருப்பரங்குன்றத்துக்கிட்ட நிக்கோம்" என்றாள். பாண்டிச்செல்வி வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அகாடமி வாசலுக்கு எதிரே, சாலை ஓரத்தில், அம்மா குடை பிடிக்க அப்பா நின்றிருந்தார். வந்து இறங்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் வந்து, "பெரியவரே, வழியில நிக்காதீங்க. கேப்டன் சத்தம் போடுறாரு" என்றான்.

"ரோடு ஒங்க கேப்டனுதா? அவர வந்து சொல்லச் சொல்லு."

ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு அப்பாவும் மகனும் இறங்கினார்கள். காலில் ரப்பர் செருப்பு, கையில் மஞ்சள் பை. சங்கிலி அவர்களை மறித்து நடந்ததைச் சொன்னார். மகனுடைய பேர், கப்பல், தொட்டி, மீட்டர், எல்லாவற்றையும் சொன்னார். அந்த அப்பா முழுக்கக் கேட்டார். அகாடமியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது புரியுதுண்ணே. ஆனா எங்களுக்கு வேற என்ன வழி இருக்கு, சொல்லுங்க?" என்றார். சங்கிலி வழியை விட்டார். அவர்கள் வாசலுக்குள் போனார்கள்.

"டேய் தம்பி!" என்று சங்கிலி கத்தினார். பையன் திரும்பிப் பார்த்தான். "எவன் சொன்னாலும் ஏன்னு கேளு. கேட்டுட்டுத்தான் எறங்கணும். கேப்பியா?"

பையன் தலையாட்டினானா இல்லையா என்று தெரியவில்லை. அதற்குள் அடுத்த ஆட்டோ வந்து நின்றது. சங்கிலியின் தொண்டை கட்டியிருந்தது. பாண்டிச்செல்வி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அவருக்கு முன்னால் போய், இறங்கியவர்களை நிறுத்தினாள்.